பழைய கைக்கருவிகளைப் பற்றிக் கேட்பவர் என்னென்ன விவரங்களைத் தர வேண்டும்?

மரச்சுருள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பழைய தச்சுக் கருவிகளைச் சேகரிப்பதில் அண்மையில்தான் இறங்கியிருக்கிறேன். பெட்டியோடு மொத்தமாக வாங்கிய கருவிகளில் ஓர் இரும்பு இழைப்புளி, ஒரு மரக்கட்டை இழைப்புளி, ஒரு கை ரம்பம், சில உளிகள் ஆகியவை இருக்கின்றன. அவற்றை யார் செய்தார்கள், அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று அனுபவமுள்ளவர்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன், எப்படிக் கேட்பது முறை என்பதையே முதலில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஏனெனில், பார்வைக்கு ஒரே மாதிரியாக இருக்கும் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் கிடைப்பதையும், மற்றொன்று பணிவாகவே கேட்கப்பட்டிருந்தும் பதிலின்றிக் கிடப்பதையும் பார்க்கிறேன்.

படங்களை எப்படி எடுக்க வேண்டும்? துருவை நீக்கிச் சுத்தம் செய்த பிறகு காட்டுவது நல்லதா, அல்லது கிடைத்த நிலையிலேயே காட்ட வேண்டுமா? விலை மதிப்பைக் கேட்பது தவறாகக் கருதப்படுமா? எனக்குத் தோன்றும் ஊகங்களையும் சேர்த்து எழுதலாமா? இவற்றைத் தெளிவுபடுத்தினால், மற்றவர்களின் நேரத்தை வீணாக்காமல் கேட்க எனக்கு உதவியாக இருக்கும்.

---

வார்ப்பிரும்பு எழுதிய பதில்:

வணக்கம். பதில் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமன்று. கேள்வியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை என்பதே காரணம். "இது எந்தக் காலத்து இழைப்புளி?" என்று ஒரே ஒரு படத்துடன் கேட்கப்படும்போது, அந்தப் படத்தில் கருவியின் பக்கவாட்டுத் தோற்றம் மட்டுமே தெரிகிறது. காலத்தைச் சொல்லும் அடையாளங்களோ உள்ளே, அலகுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. தெரிந்தவர் சொல்ல விரும்பினாலும், முதலில் ஐந்தாறு கேள்விகளை அவரே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பலர் அந்த இடத்திலேயே நகர்ந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் உள்ளதாகச் சொல்லும் இரும்பு இழைப்புளியையே எடுத்துக்கொள்வோம். அது ஸ்டான்லி நிறுவனத்தின் பெய்லி வகையாக இருந்தால் (பெட்டிகளில் கிடைப்பவற்றில் பல அவ்வகையே), அலகை இறுக்கிப் பிடிக்கும் மூடியான லிவர் கேப், அலகு, அலகின் மேல் தகடு ஆகிய மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு, உடற்பகுதியை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அலகைத் தாங்கும் ஃபிராக் என்ற பகுதிக்குப் பின்னால், உடலிலேயே வார்க்கப்பட்ட எழுத்துகள் தெரியும். லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி 1869-இல் வாங்கியது. பிறகு ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் காப்புரிமை பெற்றபோது, அந்தத் தேதிகளை உடலில் வார்த்து வந்தது. 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19 ஆகிய இரண்டு தேதிகள் மட்டும் இருந்தால் ஒரு காலம். அவற்றுடன் 1910 ஏப்ரல் 19 என்பதும் சேர்ந்து மூன்றாக இருந்தால் அடுத்த காலம்.

மூன்று தேதிகள் இருப்பதைப் பார்த்ததும் "1910-ஆம் ஆண்டுக் கருவி" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். காப்புரிமைத் தேதி, கருவி அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. அது செய்யப்பட்ட ஆண்டை அன்று. அமெரிக்கக் காப்புரிமைகள் 1861-க்குப் பிறகு நெடுங்காலம் 17 ஆண்டுகள் செல்லுபடியாயின. அந்தக் காலம் முழுவதும், சில வேளைகளில் அதற்குப் பின்னரும், நிறுவனங்கள் அதே தேதியைப் பொறித்துக்கொண்டிருந்தன. மேலே சொன்ன மூன்று தேதி உடல் 1910-இலிருந்து 1920-களின் நடுப்பகுதி வரை வந்தது. அந்தக் காலத்துக்குள் முன்னதா பின்னதா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், முன்பிடிக் குமிழ் குட்டையா உயரமா என்பதும், அலகை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்தின் விட்டம் ஓர் அங்குலமா ஒன்றேகால் அங்குலமா என்பதும் தேவைப்படும். குட்டைக் குமிழும் சிறிய சக்கரமும் முந்தியவை. ஆகவே படத்தில் ஓர் அளவுகோல் இல்லாவிட்டால், தெரிந்தவராலும் மேற்கொண்டு நகர முடியாது. சில்லறைக் காசையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வைத்துப் படமெடுப்பது அளவுகோலுக்கு ஈடாகாது.

இந்த வகைப்பிரிப்பு முழுவதும் பிற்காலச் சேகரிப்பாளர்கள் ஆராய்ந்து உருவாக்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்யவில்லை. பழைய உதிரிகள் தீரும் வரை அவற்றையும் புதிய உடலில் பூட்டி அனுப்பினார்கள். அதன் பிறகு கருவியைப் பயன்படுத்திய தச்சர்களும் அலகு தேய்ந்தபோது வேறு அலகு போட்டார்கள். பிடி உடைந்தபோது வேறு பிடி பொருத்தினார்கள். எனவே எளிதில் கழன்று வரக்கூடிய உறுப்பின் சான்று பலவீனமானது. வார்ப்பிலேயே இருக்கும் சான்று வலுவானது. அலகில் உள்ள முத்திரையை மட்டும் படமெடுத்துக் கேட்பவருக்கு அலகின் வயது கிடைக்கும், இழைப்புளியின் வயது கிடைக்காது.

மரக்கட்டை இழைப்புளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செய்தவரின் பெயர் வழக்கமாகக் கட்டையின் முன்முகத்தில், குறுக்குவெட்டுப் பரப்பில் அழுத்தப்பட்டிருக்கும். அலகில் காணப்படும் பெயர் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகுக்காரருடையது; அவர் பல கட்டைக்காரர்களுக்கும் அலகு விற்றவர். கட்டையின் பல இடங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டிருந்தால், அது சொந்தக்காரராக இருந்த தச்சரின் பெயர் என்று கொள்ளலாம். பணிக்களத்தில் கருவி காணாமல் போவது அன்றும் இருந்த தொல்லைதான். மூன்று வகைப் பெயர்களையும் படமெடுத்து, எது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உளிகளில் "காஸ்ட் ஸ்டீல்" என்று பொறித்திருந்தால், அதை நிறுவனத்தின் பெயராக எடுத்துக்கொண்டு தேட வேண்டாம். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டு வட்டாரத்தில் உருவாக்கிய, மூசையில் உருக்கிய எஃகைக் குறிக்கும் தர முத்திரை அது. எண்ணற்ற பட்டறைகள் அதைப் பயன்படுத்தின. "இங்கிலாந்து" என்ற நாட்டுப் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது என்று கருத இடமுண்டு. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதித்ததே அதற்குக் காரணம். ஆனால் நாட்டுப் பெயர் இல்லாததை வைத்து அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. உள்ளூரில் விற்ற சரக்குக்கு அந்த விதி பொருந்தவில்லை.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபிளாஷ் வேண்டாம், அது தேய்ந்த எழுத்தை முற்றிலும் அழித்துவிடும். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கைப் பரப்போடு ஏறத்தாழப் படியும்படி பக்கவாட்டிலிருந்து காட்டினால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தும் நிழல் விழுந்து எழும். அப்படியும் தெரியாவிட்டால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் படியெடுங்கள். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

---

ரம்பப்பல் எழுதிய பதில்:

வார்ப்பிரும்பு ஐயா இழைப்புளியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் ரம்பத்தோடும் சுத்தம் செய்யும் கேள்வியோடும் நிறுத்திக்கொள்கிறேன். சுத்தம் செய்யும் கேள்விக்கு என் பதில்: கேட்பதற்கு முன் தொடாதீர்கள்.

ரம்பத்தின் தகட்டில், பிடிக்கும் முனைக்கும் நடுவே, நிறுவனத்தின் பெயரும் மாதிரி எண்ணும் அமிலத்தால் மெலிதாக எழுதப்பட்டிருக்கும். அதன் ஆழம் மயிரிழை அளவுகூட இருக்காது. துருவுக்கு அடியில் அது பல வேளைகளில் முழுதாக இருக்கிறது. புதியவர்கள் ஆர்வத்தோடு மின்சுழல் தூரிகையையோ முரட்டு உப்புத்தாளையோ வைத்துத் தேய்த்து, தகட்டை வெள்ளி போல் பளபளக்கச் செய்து, பிறகு "இது யாருடைய ரம்பம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடையைத்தான் அவர்கள் தூளாக்கித் துடைத்துவிட்டிருப்பார்கள். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், நுண்ணிய உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் போன்ற ஒன்றை நனையவிட்டு, நீளவாக்கில் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல்நுனி எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும். கட்டையானது மேட்டை மட்டும் தொட்டுச் செல்லும், பள்ளம் கருமையாகவே நின்று எழுத்தைக் காட்டும்.

பிடியில் பதிந்திருக்கும் பித்தளைப் பதக்கத்தைக் கட்டாயம் கிட்டத்தில் படமெடுங்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஹென்றி டிஸ்டன் நிறுவன ரம்பங்களுக்கு, பதக்கத்தின் எழுத்தே காலக் கணக்கு. மகன் பங்குதாரராகச் சேர்ந்த 1865 முதல் "அண்டு சன்" என்றும், 1871 முதல் "அண்டு சன்ஸ்" என்றும் பெயர் மாறிற்று. எனவே அந்த ஒற்றை எழுத்து படத்தில் மங்கலாக இருந்தால், கேள்வியே மங்கலாகிவிடும். மாறாக, கழுகுப் படத்தைச் சுற்றி "வாரண்டட் சுப்பீரியர்" என்று மட்டும் இருந்தால் ஏமாற்றமடையாதீர்கள். அது பல நிறுவனங்கள் தங்கள் இரண்டாம் தர ரம்பங்களிலும், கடைக்காரர் பெயரில் விற்கச் செய்த ரம்பங்களிலும் பொருத்திய பொதுவான பதக்கம். அதை வைத்து யாராலும் செய்தவரைச் சொல்ல முடியாது. சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எழுதும்போது, பல் வரிசையின் நீளத்தையும், ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பல் நுனிகள் வருகின்றன என்பதையும் குறிப்பிடுங்கள். தொடக்கத்தில் உள்ள நுனியையும் முடிவில் உள்ள நுனியையும் சேர்த்து எண்ணுவது ரம்பக்காரர்களின் வழக்கம். பிடிக்கு அருகில், தகட்டின் அடி மூலையில், ஒரு சிறிய எண் குத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நுனிக்கணக்கு அது. இன்றைய எண்ணிக்கை வேறாக இருந்தால், யாரோ இடையில் அரம் போட்டுப் பல்லையே மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிடியைக் கழற்றிக் காட்டும்படி சிலர் கேட்பார்கள். பித்தளை மரையின் தலையில் நடுவே தண்டும் இருபுறமும் வெட்டுமாக இருந்தால், அது பிளந்த மரை எனப்படும் பழைய வகை. அதைச் சாதாரணத் திருப்புளியால் திருகினால் உதடு பெயர்ந்துவிடும். "கழற்ற முடியவில்லை, கழற்றவும் விரும்பவில்லை" என்று சொல்லிவிடுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

துரு நீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இது பாதுகாப்பைச் சேர்ந்தது. சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் முறையை விவரிக்கும்போது, எதிரே வைக்கும் தகட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துமாறு சிலர் எழுதிவிடுகிறார்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாகும். சாதாரண இரும்பே போதும். காற்றோட்டமான இடமும் வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் வெளிப்படும். மேலும், இழைப்புளியின் உடலில் உள்ள ஜப்பானிங் என்ற மூலக் கரும்பூச்சு தளர்ந்திருந்தால், இந்த முறையில் அது உரிந்து வந்துவிடும். அந்தப் பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் சேகரிப்பாளர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

---

வார்ப்பிரும்பு எழுதிய பதில்:

ரம்பப்பல் அவர்களோடு ஓரிடத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. "தொடாதீர்கள்" என்பது இழைப்புளிக்கு அப்படியே பொருந்தாது. மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக் கிடக்கும் உடலில் எழுத்தே தெரியாது. உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பதால் எதுவும் அழியாது. இரும்பை அரிக்கும் வேலை மட்டும்தான் பின்னால் இருக்கட்டும். கழற்றும்போது மரை வராவிட்டால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். ஸ்டான்லி இழைப்புளிகளின் சில மரைகள் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் வெட்டப்பட்டவை, கடைகளில் கிடைக்கும் திருகாணி பொருந்தாது. உடைத்துவிட்டால் இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

---

அரைக்கால் அங்குலம் எழுதிய பதில்:

விலை மதிப்பைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. நான் வாங்கவும் விற்கவும் செய்கிறவள் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விலை கேட்பது தவறன்று. ஏன் கேட்கிறோம் என்பதை மறைப்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. பயன்படுத்துவதற்காக வைத்துக்கொள்ளப் போகிறவருக்கும், விற்கப் போகிறவருக்கும், காப்பீட்டுக்காகக் கணக்கெடுக்கிறவருக்கும், வீட்டுப் பெரியவர்கள் வைத்துச் சென்றதை உடன்பிறந்தாரிடையே பங்கிடுகிறவருக்கும் தர வேண்டிய விடைகள் வெவ்வேறு. நோக்கத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கருவி என்னவென்றே தெரியாத நிலையில் முதல் கேள்வியாக விலையைக் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள்; அடையாளம் தெரிந்தபின், நிலைமை தெரிந்தபின், விலை பெரும்பாலும் உங்களுக்கே விளங்கிவிடும். இணைய விற்பனைத் தளங்களில் விற்பவர் போட்டிருக்கும் விலையை மேற்கோள் காட்டி, "இவ்வளவுக்குப் போகிறதாமே" என்று எழுதாதீர்கள். கேட்கும் விலைக்கு எல்லையே இல்லை. விற்று முடிந்த விலைதான் சான்று.

விற்கும்போது குறைகளை நீங்களே முந்திக்கொண்டு சொல்வது மரியாதை மட்டுமன்று, பிற்பாடு வரும் சச்சரவுக்கும் அதுவே தடுப்பு. வார்ப்பிரும்பு இழைப்புளியில் நான் பார்க்கும் இடங்கள் இவை: வாய்த் துவாரத்தின் இரு மூலைகளிலிருந்தும் பக்கச் சுவரில் ஏறும் மயிர் விரிசல், வாயின் விளிம்பில் சில்லு பெயர்ந்த இடம், பூச்சுக்கு அடியில் மஞ்சள் கோடாகத் தெரியும் பித்தளைப் பற்றவைப்பு, பின்பிடியின் கொம்பு முனை ஒடிந்திருப்பது, அலகின் பிளவுக்கும் கூர்முனைக்கும் இடையே மிஞ்சியிருக்கும் நீளம். இந்த ஐந்தும் படத்தில் இருந்தால் நான் வேறெதையும் கேட்க மாட்டேன். "முற்றிலும் மூல உறுப்புகள்" என்று எழுதுவதற்குமுன் யோசியுங்கள். உங்களுக்குத் தெரிந்தது, நீங்கள் எதையும் மாற்றவில்லை என்பது மட்டுமே. புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் அது பழுதுபார்ப்பு, சொல்லாவிட்டால் மோசடி.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. புதியவர் ஒருவர் அரிய கருவியின் படத்தைப் போட்டு மதிப்புக் கேட்கும்போது, அதைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தனிச்செய்தியில் தானே வாங்க முன்வருவது இந்த வட்டாரத்தில் மன்னிக்கப்படாத செயல். மதிப்புச் சொல்கிறவர் வாங்கக் கூடாது. வாங்க விரும்புகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மதிப்பை மற்றவர்கள் சொல்லும்படி விலகி நிற்க வேண்டும். மரச்சுருள் அவர்களே, கேள்வி போட்ட சற்று நேரத்திலேயே உங்களுக்குத் தனிச்செய்தி வந்தால், பொதுவில் நாலு பேர் கருத்துச் சொல்லும் வரை எதற்கும் சம்மதிக்காதீர்கள். அதேபோல, ஒருவர் விற்பனைக்கு வைத்த கருவியின் கீழே போய் "விலை அதிகம்" என்று எழுதுவதும் நாகரிகமன்று. அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் இருந்துவிடலாம்.

எல்லை தாண்டி அனுப்பும்போது சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பழைய அளவுகோல்களிலும், உயர்தர மரக்கட்டை இழைப்புளிகளின் முனைகளிலும் யானைத் தந்தம் இருப்பதுண்டு. பிரிட்டனில் 2022-இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, பழம்பொருளாயினும் அதன் விற்பனையைத் தடுக்கிறது. பிடிகளில் உள்ள பிரேசில் ஈட்டி மரம் 1992 முதல், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதன் பேரினத்தைச் சேர்ந்த மற்ற மரங்கள் யாவும் 2017 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளன. என்ன மரம், என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாதபோது வெளிநாட்டுக்கு விற்பதாக அறிவிக்காமல் இருப்பதே நல்லது. கட்டும்போது அலகையும் லிவர் கேப்பையும் தனியே சுற்றி வையுங்கள். வார்ப்பிரும்பு வளையாது, ஓர் அடியில் உடைந்துவிடும்.

---

மரச்சுருள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன முறைப்படி இழைப்புளியைக் கழற்றி, துணியால் மட்டும் துடைத்துப் பார்த்தேன். ஃபிராக்குக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் இருக்கின்றன. முன்குமிழ் குட்டையாகவும், பித்தளைச் சக்கரத்தின் விட்டம் சரியாக ஓர் அங்குலமாகவும் உள்ளது. அடிப்பரப்பின் நீளம் ஏறத்தாழ 9 அங்குலம், அலகின் அகலம் 2 அங்குலம். ஆனால் அலகின் மேல்பகுதியில் இதய வடிவத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படுகின்றன. இது பொருந்துமா என்று தெரியவில்லை.

கூடவே, பெட்டியின் அடியில் இடுக்கி போன்ற ஒரு பொருளும் கிடந்தது. அதையும் நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே விவரிக்கிறேன். நீளம் ஒரு சாண், காந்தம் ஒட்டுகிறது, பெயரோ எண்ணோ பிடியில் இல்லை. பிடிகளை அழுத்தினால் தலைப்பகுதியிலிருந்து ஒரு சிறிய இரும்பு முளை முன்னோக்கி வந்து, எதிரே உள்ள வட்டத் தகட்டின் விளிம்பைத் தொடுகிறது. அந்த வட்டத் தகட்டைத் திருப்ப முடிகிறது. அதன் ஓரத்தில் எண்கள் உள்ளன. முளையின் நுனி மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. தோல் வேலைக்குத் துளை போடும் கருவியாக இருக்கலாம் என்பது என் ஊகம், உறுதியில்லை.

---

வார்ப்பிரும்பு எழுதிய பதில்:

இப்படிக் கேட்டால் பதில் எழுத இரண்டு நிமிடம் போதும். உங்களுடையது நான்காம் எண் இழைப்புளி. உடலும் குமிழும் சக்கரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால், சேகரிப்பாளர்கள் பதினொன்றாம் வகை என்று குறிப்பிடும் 1910-1918 காலத்தைச் சேர்ந்தது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். இதய முத்திரை, ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் நிறுவனம் 1920-இல் ஸ்டான்லி ஒர்க்ஸுடன் இணைந்த பிறகு வந்தது. ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் நினைவாக வைக்கப்பட்டது. 1930-களின் நடுப்பகுதி வரை வழங்கியது. எனவே அலகு பின்னர் மாற்றப்பட்டிருக்கிறது. சேகரிப்பு அலமாரிக்கு இது ஒரு குறை. மரத்தில் ஓட்டுவதற்கு எந்தக் குறையும் இல்லை. அந்த அலகும் நல்ல எஃகுதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்கும்போது மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

---

ரம்பப்பல் எழுதிய பதில்:

அது தோல் வேலைக்கானதன்று. துளைக் கருவியாக இருந்தால் முளை குழாய் போல் உள்ளீடற்றிருக்கும், விளிம்பும் கூராக இருக்கும். உங்களுடையது ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்க்கும் சா செட் என்ற கருவி. திருகக்கூடிய வட்டத் தகட்டின் விளிம்பு ஒவ்வோர் எண்ணுக்கு நேராகவும் வெவ்வேறு அளவில் சரிவாக இழைக்கப்பட்டிருக்கும். முளை பல்லை அந்தச் சரிவில் அழுத்தி மடக்கும். எண்கள் பொதுவாக அங்குலத்துக்குரிய நுனிக்கணக்கைக் குறிப்பவை, ஆயினும் மெல்லிய தகட்டுக்கு அதைவிட ஒன்றிரண்டு கூடுதலான எண்ணில் வைத்துத் தொடங்குவதே பத்திரம். முளையின் நுனி மட்டும் பளபளக்கிறது என்று எழுதியதும், ரம்பம் இருந்த அதே பெட்டியில் கிடந்தது என்று சொன்னதும்தான் எனக்கு உதவின.

ரம்பத் தகட்டின் அடி மூலையில் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? வட்டத் தகடு இப்போது எந்த எண்ணில் நிற்கிறதோ அதைத் திருப்பாமல் குறித்துக்கொண்டு, இரண்டையும் எழுதுங்கள்.